ரெண்டாம் நம்பர்

சந்தேகம் ஒரு வியாதி என்பாள் என் மனைவி பட்டு. வியாதியாவது, மண்ணாவது! முப்பத்தோரு வருஷம் அதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். பல்லாவரத்தில் வண்டி உதிரிபாகம் செய்கிற கம்பெனி ஒன்றில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தேன். வெளியிலிருந்து வருகிற போல்ட், நட்டு, வாஷர் எதுவானாலும் சத்யநாராயணன் கை பட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பத்துக்கு ஒன்று பார்த்தால் போதும் என்பது கம்பெனி ரூல். நான் பத்தையும் பார்ப்பேன். சப்ளையர்கள் என்னைக் கண்டால் எதிர்ப் பக்கமாக நடப்பார்கள். அதில் எனக்கு ஒரு பெருமை உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ரிட்டயர் ஆகிக் கீழ்க்கட்டளை வீட்டில் உட்கார்ந்த பிறகு கை சும்மா இருக்குமா? பட்டு வாங்கி வந்த வெண்டைக்காயை ஒவ்வொன்றாக நுனி ஒடித்துப் பார்த்தேன். பால்காரரின் அளவுக் குவளையை வாங்கி அளந்தேன். ஒரே மாதத்தில் அவள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள்.

"எங்கேயாவது போய் ஏதாவது பண்ணுங்கோ. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அந்தச் சமயத்தில்தான் எட்மண்ட் வந்தான். அதே கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்தவன். வீடு கிழக்குத் தாம்பரம். சரக்கு வந்ததும் முதலில் வாங்கி வைப்பவன் அவன், அடுத்து பார்ப்பவன் நான். முப்பத்தோரு வருஷம் ஒரே மேஜையில் மத்தியானச் சாப்பாடு. அவன் வீட்டு மீன் குழம்பு வாசனையில் என் தயிர் சாதம் இறங்கிப் பழகிவிட்டது.

ஜி.எஸ்.டி. ரோட்டில் மூடுகிற கடைகள், ஸ்டாக் தள்ளுகிற கடைகள் நிறைய. அங்கே போய் நல்ல கம்பெனிச் சரக்காக மொத்தமாக வாங்குவது, அதை ஆன்லைனில் ஒவ்வொன்றாக விற்பது. இதுதான் எட்மண்டின் யோசனை. வாங்குவது அவன், விற்பது நான். ஜி.எஸ்.டி. வரிப் பதிவு, ஆன்லைன் கணக்கு எல்லாம் என் பேரில்.

"இதுல தப்பு எதுவும் இல்லையே?" என்று அன்றே கேட்டேன்.

"இன்னா தப்பு? கம்பெனி சரக்கு, கம்பெனி சீல். காசு குடுத்து வாங்கினா நம்மளுது. நம்மளுத நாம விக்கறோம். எவன் கேக்கறது?" என்றான் எட்மண்ட்.

நாலு வருஷம் ஓடியது. முக்கால்வாசி கெல்வோ கம்பெனியின் ட்ரிம்மர்தான். ஆண்கள் தாடி திருத்துகிற சின்ன மெஷின். பெட்டியின் மூடியில் வெள்ளி நிறத்தில் வட்டமாக ஒரு சீல் ஒட்டியிருக்கும். அது கிழியாமல் இருந்தால் புதுசு என்று அர்த்தம். நான் போட்ட விளம்பரத்திலும் 'புத்தம் புதியது, சீல் பிரிக்காதது' என்றுதான் இருக்கும்.

ஆனால் பார்க்காமல் எப்படி அனுப்புவது? உள்ளே மெஷின் இருக்கிறதா, செங்கல் இருக்கிறதா, யாருக்குத் தெரியும்? பட்டுவின் தலைமுடி உலர்த்தும் மெஷினைச் சீலின் மேல் அரை நிமிஷம் காட்டுவேன். பசை இளகும். நகத்தால் நெம்பி எடுத்து, மெஷின் நம்பரும் பெட்டி நம்பரும் ஒன்றா என்று பார்த்து, சார்ஜர், வாரண்டி அட்டை எல்லாம் பார்த்து, நம்பரை நோட்டில் எழுதிக்கொண்டு மறுபடி ஒட்டிவிடுவேன். எழுதுவதற்கு, கம்பெனியில் கடைசி நாள் கொடுத்த பேனா. சுத்தச் சண்டி. நாலு தரம் உதறி, கைக்குக் கிடைத்த அட்டையில் கிறுக்கினால்தான் மை இறங்கும். தூக்கிப் போட மனசு வராது.

"சீலை ஏன் பிரிக்கிறேள்? எட்மண்ட் அண்ணா பார்த்துத்தானே வாங்கறார்?" என்பாள் பட்டு.

"அவன் பார்த்தா அவன் பார்த்தது. நான் பார்த்தா நான் பார்த்தது."

எட்மண்டுக்கு நான் பிரிப்பது தெரியாது. சொல்லவில்லை. அவன் மேல் எனக்குச் சந்தேகம் என்று அர்த்தம் இல்லை. சந்தேகமே இல்லை என்றும் அர்த்தம் இல்லை.

போன ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் என் கணக்கு முடங்கிக் கிடந்தது. கூடவே டெல்லியிலிருந்து ஒரு வக்கீல் நோட்டீஸ், கெல்வோ கம்பெனி சார்பில். அவர்களே வாடிக்கையாளர் மாதிரி என்னிடம் ஒரு ட்ரிம்மர் வாங்கியிருக்கிறார்கள். பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். சீல் ஒரு தரம் எடுத்து மறுபடி ஒட்டப்பட்டிருக்கிறது. மூடியின் உள்பக்கத்தில் பேனாவால் 2 என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறது. போலிச் சரக்கு விற்பவர்கள் அசலிலிருந்து போலியைப் பிரித்துத் தெரிந்துகொள்ள இப்படி அடையாளம் போடுவது வழக்கம். ஆகவே இது போலி என்று நம்பக் காரணம் உண்டு. ஏழு நாளுக்குள் சரக்கு கொடுத்தவர் யார் என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் என் மேல் போலீஸ் புகார்.

போலீஸ்! எங்கள் தெருவில் பாஸ்போர்ட் விசாரணைக்குப் போலீஸ்காரர் வந்தாலே நாலு வீட்டு ஜன்னல் திறக்கும்.

நோட்டீஸோடு ஒரு போட்டோ இருந்தது. பிரிண்ட் எடுத்துப் பார்த்தேன். கறுப்பு வெள்ளை, கொஞ்சம் மங்கல். அட்டையின் மூலையில் 2. கீழே கோடு.

சீல் பிரித்தது நான். அது எனக்குத் தெரியும். நல்ல எண்ணத்தில் பிரித்தது, அதற்கு ஏதாவது சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் இந்த ரெண்டு? நம்பர் எழுத எனக்கு நோட்டு இருக்கிறது, பெட்டியில் நான் எதற்கு எழுதப் போகிறேன்? எனக்கு முன்னால் அந்தப் பெட்டியைத் தொட்டவன் ஒருவன்தான். ரெண்டு என்றால் என்ன என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. டீக்கடையில் போய்க் கேளுங்கள், சொல்வார்கள். ரெண்டாம் நம்பர் சரக்கு, அதாவது போலி.

"எட்மண்ட் அண்ணாவையா சொல்றேள்?" பட்டு காய் நறுக்குவதை நிறுத்திவிட்டாள். "உங்களுக்கு ஆஞ்சியோ பண்ணினப்போ ஆஸ்பத்திரி வராண்டாவிலே மூணு நாள் உட்கார்ந்திருந்தாரே, அவரையா?"

"அது வேற, இது வேற."

"அது எப்படி வேறயாகும்?"

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். விசாரிக்காமல் ஒருவனைக் குற்றம் சொல்கிறவன் இல்லை நான்.

குரோம்பேட்டையில் எட்மண்ட் ட்ரிம்மர் எடுக்கும் கடை எனக்குத் தெரியும். பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தேன். கடை இருந்த இடத்தில் ஷட்டர் இறக்கியிருந்தது. போர்டு இருந்த இடத்தில் நாலு ஆணித் துளைதான் பாக்கி. எனக்கு உடனே மூக்கில் வேர்த்தது. வாசலில் பூ விற்றுக்கொண்டிருந்த அம்மாளிடம் கேட்டேன். பக்கத்துக் கடைக்காரர்கள் அவரைக் கங்கையம்மாள் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இந்தக் கடையாண்ட இன்னா சார் வேல? மூடி மூணு மாசம் ஆவுது."

"மூணு மாசமா? நல்லாத் தெரியுமா?"

"இன்னா சார் இப்டி கேக்கற? நான் டெய்லி இங்க குந்திகினு கீறேன், எனக்குத் தெரியாதா? ஓனரு துபாய் போய்ட்டாரு."

"சரக்கெல்லாம்?"

"ஒரு பெரியவரு டெம்போ வச்சி வழிச்சி எடுத்துகினு போய்ட்டாரு. கண்ணாடி போட்டுகினு, ஒசரமா. மல்லி வேணுமா சார்?"

உயரம், கண்ணாடி. எட்மண்டேதான். எனக்கு அவன் கடைசி லாட் கொடுத்து இருபது நாள்தான் ஆகிறது. 'இன்னிக்குத்தான் சத்யா கடையில எடுத்தேன்' என்ற மாதிரிதான் கொண்டுவந்து வைத்தான். கடையோ மூடி மூணு மாதம். அப்படியானால் நடுவில் வந்த சரக்கு எங்கேயிருந்து வந்தது? வழித்து எடுத்துக்கொண்டு போன அசலோடு எதைக் கலந்தான்? வராத கோபமெல்லாம் வந்தது எனக்கு. மல்லிகூட வாங்காமல் தாம்பரம் பஸ் ஏறிவிட்டேன்.

எட்மண்ட் வீட்டில் இல்லை. சர்ச் கமிட்டிக் கூட்டம் என்றாள் அவன் மனைவி புஷ்பம். நான் ஹாலுக்குள் கால் வைத்ததும் அவள் செய்த காரியம் என்ன தெரியுமா? கொடியில் கிடந்த பெட்ஷீட்டை உருவி, சுவரோரம் அடுக்கியிருந்த எதன் மேலோ படக்கென்று போட்டாள்.

"உக்காருங்கண்ணா. வீடு ஒரே போட்டது போட்டபடி கெடக்கு. காப்பி போடட்டுமா?"

"அது என்னம்மா, பெட்ஷீட்டுக்கு அடியில?"

"ஒண்ணுமில்லண்ணா. அவரு சாமான்."

பெட்ஷீட்டின் ஓரம் தூக்கியிருந்தது. வெள்ளி நிறத்தில் ஒரு வட்டச் சீல் தெரிந்தது. அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? காப்பியைக் குடிக்காமலே வந்துவிட்டேன். முப்பது வருஷமாக அந்த வீட்டில் காப்பி வேண்டாம் என்று நான் சொன்னதில்லை. புஷ்பம் கேட் வரைக்கும் வந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் ரோஹிணி வக்கீல். மேற்குத் தாம்பரத்தில், ஸ்டேஷனுக்கு அருகே ஒரு மாடியில் ஆபீஸ். சின்ன வயசுதான், ஆனால் பேச்சில் கறார். நோட்டீஸையும் போட்டோவையும் பார்த்தாள். விளம்பரத்தையும் திறந்து பார்த்தாள்.

"அங்கிள், இந்தப் படமெல்லாம் நீங்க எடுத்ததா?"

"கம்பெனி வெப்சைட்ல இருந்துதான். நல்லாத் தெளிவா இருந்துது."

"அது அவங்க படம். சொந்தமா போட்டோ எடுத்துத்தான் போடணும். அத இன்னிக்கே எடுங்க." பெருமூச்சு விட்டாள். "இப்ப மெயின் விஷயம். அசல் சரக்கை முறையா காசு குடுத்து வாங்கி, அப்படியே வித்தா கம்பெனி ஒண்ணும் பண்ண முடியாது. வாங்கினவனுக்கு விக்கற உரிமை உண்டு. ஆனா 'அப்படியே' விக்கணும். சரக்கோட நிலைமைய மாத்தினா அவங்க கேக்கலாம். சீலை யார் பிரிச்சா?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. வாயில் வந்துவிட்டது. "ரெண்டுன்னு எழுதினவன்தான் பிரிச்சிருக்கணும். எட்மண்ட்தான். நான் எழுதித் தரேன், அனுப்பிடு."

அவள் நோட்டீஸை மடித்து வைத்தாள். "அங்கிள், அவர் பேரை ஒரு தரம் எழுதிட்டா அவர்தான் குற்றவாளி. புகார் அவர் மேல திரும்பும். அப்புறம் தெரியாம சொல்லிட்டேன்னு வாபஸ் வாங்க முடியாது. முதல்ல அவரை பில்லோட வரச் சொல்லுங்க. சனிக்கிழமை சாயங்காலம்."

சனிக்கிழமை எட்மண்ட் வந்தான். கக்கத்தில் நீல நிற ஃபைல். மாடிப்படி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னா சத்யா, வூட்டுக்கு வந்துட்டு காப்பி கூட குடிக்காம ஓடிட்டியாமே? புஷ்பம் நாலு நாளா அதையே சொல்லிகினு கீறா. இன்னா விஷயம்?"

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ரோஹிணிதான் நோட்டீஸ் விஷயத்தைச் சொன்னாள். போட்டோவை நான் காட்ட விடவில்லை. அடையாளம் போட்டது எந்த இடத்தில் என்று அவன் வாயாலேயே வரட்டும் என்று காத்திருந்தேன். இன்ஸ்பெக்‌ஷன் புத்தி!

எட்மண்ட் முழுவதும் கேட்டுவிட்டு ஃபைலைத் திறந்தான். நாலு வருஷத்து பில்லும் தேதிவாரியாகத் துளை போட்டுக் கோத்திருந்தது. கடை கெல்வோ கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட டீலர் என்ற கடிதத்தின் நகல்கூட இருந்தது. கடைசி பில் மூன்று மாதம் முன்னால் போட்டது. கடையில் இருந்த ட்ரிம்மர் அத்தனைக்கும் ஒரே பில், பெட்டி நம்பர்கள் உட்பட.

"மொத்தத்தையும் வாங்கிட்டு எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றேன்.

"சொன்னா பயந்துடுவன்னுதான். இவ்ளோ சரக்கு விக்காம நின்னுட்டா இன்னா பண்றதுன்னு படுத்தாலும் உனக்குத் தூக்கம் வராது. ஹார்ட்டு வேற உனக்கு. அதான் வூட்ல வச்சிகினு கொஞ்சம் கொஞ்சமா குடுத்தேன்."

நோட்டீஸில் போலி என்று சொன்ன பெட்டியின் நம்பரை ரோஹிணி தேடினாள். பில்லில் இருந்தது. "பில் பக்காவா இருக்கு அங்கிள்" என்றாள்.

அங்கேயே நான் வாயை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. "பில் சரிம்மா. பெட்டியும் சரி. பெட்டிக்குள்ள அதே மெஷின்தான் இருந்துதுன்னு என்ன நிச்சயம்? பிரிச்சு மாத்தி வச்சு, ரெண்டுன்னு அடையாளம் போட்டிருக்கலாமில்ல?"

கீழே எலெக்ட்ரிக் ட்ரெயின் கிளம்பும் சத்தம் கேட்டது. எட்மண்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான், மாட்டினான், மறுபடி கழற்றினான்.

"நான் மாத்தி வச்சேன்னு சொல்றியா, சத்யா?"

"வேற யாரு?"

"சரி. எழுது." அவன் குரல் உயரவே இல்லை. "என் பேரை எழுது. எட்மண்ட், தகப்பனார் பேரு ஏசுதாசன், கிழக்குத் தாம்பரம். போலீஸ் வந்தா நான் பதில் சொல்லிக்கறேன். உனக்கு எதுவும் வராது. எழுதுப்பா."

"அங்கிள், யோசிச்சு..." என்றாள் ரோஹிணி.

நான் யோசிக்கவில்லை. மேஜையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை இழுத்தேன். பேனாவை எடுத்து நாலு தரம் உதறினேன். தாளின் தலையில் கை தானாகப் போனது. எழுதினேன். வழக்கம் போல் மை பாதியில் நின்றது, அழுத்திக் கீழே கோடு இழுத்தேன். அதற்குள் எட்மண்டின் கை என் கையைப் பிடித்துவிட்டது.

"அந்த போட்டோவ குடும்மா" என்றான்.

ரோஹிணி கொடுத்தாள். நான் காட்ட விடாத போட்டோ. அவன் அதை என் தாளுக்குப் பக்கத்தில் வைத்தான். கொஞ்சம் சாய்த்து வைத்தான். பிறகு என் பக்கமாகத் தள்ளினான்.

"சத்யா. இது ரெண்டு இல்லப்பா."

பார்த்தேன். என் தாளில் ஒரு உ, கீழே கோடு. போட்டோவில் ஒரு உ, கீழே கோடு. இரண்டிலும் வால் ஒரே மாதிரி நீண்டு, ஒரே இடத்தில் மை விட்டுப் போயிருந்தது.

பிள்ளையார் சுழி.

"முப்பத்தோரு வருஷம் உன் இன்ஸ்பெக்‌ஷன் ஸ்லிப்ப பார்த்தவன் நான். எந்த ஸ்லிப்புல இது இல்லாம இருந்துது? எனக்குத் தெரியாதா?" எட்மண்ட் வாய்விட்டுச் சிரித்தான். "டெல்லிக்காரனுக்கு ரெண்டுன்னு தெரிஞ்சா அவனைச் சொல்லிக் குத்தமில்ல. பிள்ளையார் சுழிய நீயே ரெண்டுன்னு படிச்சியே, அதச் சொல்லு! நான் சர்ச் கமிட்டில இருக்கறவன்யா, ட்ரிம்மர் பெட்டிக்கு நானா போய் பிள்ளையார் சுழி போடப் போறேன்?"

ரோஹிணிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. ஐந்து வயசில் ஆரம்பித்த பழக்கம். பரீட்சைத் தாள், மளிகைச் சீட்டு, எதற்கும் அதைப் போடாமல் என் கை நகராது. பேனா எழுதுகிறதா என்று பார்ப்பதற்கும் அதைத்தான் போடுவேன். சண்டிப் பேனாவை அன்றைக்குப் பெட்டியின் மூடியில் சோதித்திருக்கிறேன், அவ்வளவுதான். மூன்று பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். அந்த ஒரு நிமிஷம் அப்படியே நின்றிருக்கலாம்.

ரோஹிணிதான் முதலில் நிறுத்தினாள். வக்கீல் அல்லவா.

"ஒரு நிமிஷம் அங்கிள். இது மூடிக்கு உள்பக்கம் இருக்கு. சீல் ஒட்டின பெட்டிக்கு உள்ள உங்க பேனா எப்படிப் போச்சு?"

எட்மண்டின் சிரிப்பு முகத்தில் பாதியில் நின்றது.

நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லித்தான் ஆக வேண்டும். "நான்தான் பிரிச்சேன். சரியா இருக்கான்னு பார்க்க."

"இதை மட்டுமா?" என்றாள் அவள்.

"இல்ல."

"எத்தனை?"

எட்மண்ட் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எல்லாமே."

"எல்லாம்னா?" இதைக் கேட்டது எட்மண்ட்.

"நீ குடுத்தது எல்லாம். முதல் லாட்லேர்ந்து."

"நாலு வருஷமா?"

தலையை ஆட்டினேன்.

"ஒண்ணாவது கெட்டது இருந்துதா சத்யா? ஒரே ஒண்ணு? ஒரு சார்ஜராவது கொறஞ்சுதா?"

"இல்ல."

"அப்புறமும் பிரிச்சியா?"

அவன் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. சட்டையைப் பிடித்திருந்தால்கூடத் தேவலை. வெட்கத்தில் எனக்குக் காது இரண்டும் சுட்டது.

ரோஹிணி மெல்லச் சொன்னாள். "அப்ப நோட்டீஸ்ல போலிங்கறது மட்டும்தான் தப்பு. சரக்கு அசல். பில் இருக்கு. ஆனா சீலைப் பிரிச்சு, திரும்ப ஒட்டி, பிரிக்காததுன்னு சொல்லி வித்திருக்கீங்க. அது உண்மையிலேயே தப்பு. நாலு வருஷமா வாங்கினவங்க எல்லார்கிட்டயும் பொய் சொல்லியிருக்கோம். உள்ளதை உள்ளபடி எழுதி மன்னிப்புக் கேக்கறதுதான் வழி. எதுக்காகப் பிரிச்சீங்கன்னு காரணம் கேப்பாங்க. என்ன எழுதட்டும்?"

எட்மண்ட் பேசினான்.

"எட்மண்டு மேல நம்பிக்கை இல்லன்னு எழுதும்மா. அதுதானே காரணம்." எழுந்தான். ஃபைலை என் முன்னால் நகர்த்தி வைத்தான். "இது உனக்குத்தான் வேணும். வச்சுக்கோ. ஒவ்வொரு பில்லா பார்த்துக்கோ, சரியா இருக்கான்னு."

"எட்மண்ட், உக்காரு. நான் சொல்றதக் கொஞ்சம் கேளு..."

"லேட்டாயிடுச்சு. புஷ்பம் தேடுவா."

படியில் இறங்கும் சத்தம் கேட்டது. வழக்கமாகக் கீழே போய் ஒரு தரம் அண்ணாந்து பார்த்துக் கை காட்டுவான். ஜன்னலுக்கு ஓடினேன். சண்முகம் ரோட்டுக் கூட்டத்தில் அவன் முதுகுதான் தெரிந்தது.

ரோஹிணி நல்ல பதிலாக எழுதி அனுப்பினாள். பில், டீலர் கடிதம், என் மன்னிப்பு எல்லாம் போயிற்று. பிள்ளையார் சுழி என்றால் என்ன என்று இங்கிலீஷில் ஒரு பத்தியே எழுத வேண்டியிருந்தது. காரணம் என்ற இடத்தில் 'விற்பவரின் தனிப்பட்ட சந்தேகத்தால்' என்று போட்டாள். நான் கையெழுத்துப் போட்டேன். இரண்டு வாரம் கழித்து டெல்லியிலிருந்து பதில் வந்தது. சரக்கு அசல்தான் என்று ஒப்புக்கொண்டார்கள், இனி சீல் பிரித்ததைப் புதுசு என்று விற்கக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டு புகாரைக் கைவிட்டார்கள். கணக்கும் திறந்துவிட்டது.

எட்மண்டுக்குப் போன் பண்ணினேன். எடுக்கவில்லை. வீட்டுக்குப் போனேன். புஷ்பம் கேட்டிலேயே நின்று "அவரு இல்லண்ணா" என்றாள். காப்பி போடட்டுமா என்று கேட்கவில்லை. உள்ளே அவன் இருமும் சத்தம் எனக்குக் கேட்டது.

அதற்கடுத்த திங்கட்கிழமை வாசலில் ஒரு குட்டி யானை லோடு வண்டி வந்து நின்றது. டிரைவர் பெட்டிகளை இறக்கி வாசலில் அடுக்கினார். எட்மண்ட் வீட்டில் பாக்கியிருந்த கெல்வோ ட்ரிம்மர் அத்தனையும். மேலே அதே பெட்ஷீட் போர்த்தியிருந்தது. மேல் பெட்டியில் ஒரு துண்டுச் சீட்டைக் குத்தியிருந்தான். கம்பெனியில் ஸ்டோர்ஸிலிருந்து எங்கள் பிரிவுக்கு வருமே, அதே மாதிரி.

'இன்ஸ்பெக்‌ஷனுக்கு அனுப்பப்படுகிறது. மொத்தம் முப்பத்தாறு. சீல்கள் பிரிக்கப்பட்டுள்ளன.' கீழே முழுக் கையெழுத்து.

ஒரு பெட்டியை எடுத்துப் பார்த்தேன். வெள்ளிச் சீல் நடுவில் பிளேடால் நேராக அறுத்திருந்தது. அடுத்ததிலும். அதற்கடுத்ததிலும். முப்பத்தாறையும் உட்கார்ந்து அவனே அறுத்திருக்கிறான், எனக்கு அந்த வேலை வேண்டாம் என்று.

பட்டு சீட்டை வாங்கிப் படித்தாள். என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு அழுகை வந்தது. வாசல் என்றுகூடப் பார்க்காமல் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதேன். பேச ஒரு மனுஷன் இருந்தான், அவனை நானே நாலு வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்திருக்கிறேன்.

பெட்டிகளை உள்ளே கொண்டுவந்து அடுக்க மத்தியானம் ஆகிவிட்டது. பிறகு ஒவ்வொன்றாகத் திறந்தேன். மெஷின், சார்ஜர், வாரண்டி அட்டை, நம்பர். திறக்க வேண்டாம் என்று மனசு கெஞ்சியது, கை கேட்கவில்லை.

முப்பத்தாறும் சரியாக இருந்தன.